பெட்டியில் பத்து நிமிடம், கையில் எத்தனை மணி நேரம்? பாக்டீரியாவைக் காட்டும் மலிவான கருவிகள்: ஓர் ஒப்பீடு

குடிநீர்த் தொட்டியைப் பராமரிப்பவர், உணவுப் பொருள் தயாரிக்கும் சிறு கூடத்தின் பொறுப்பாளர், ஆய்வகம் எட்டாத தொலைவில் உள்ள மருத்துவமனையின் நிர்வாகி ஆகிய மூவரும் ஏறக்குறைய ஒரே கேள்வியோடுதான் இந்தக் கருவிகளைத் தேடி வருகிறார்கள். கெடுதல் செய்யும் பாக்டீரியா இருக்கிறதா இல்லையா என்பதை, அதிகச் செலவில்லாமல், கையோடு எடுத்துச் செல்லக்கூடிய ஒன்றைக் கொண்டு சீக்கிரமாகத் தெரிந்துகொள்ள முடியுமா என்பதே அந்தக் கேள்வி. முடியும் என்றுதான் எல்லாப் பெட்டிகளின் மேலட்டையும் சொல்கிறது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், சிலவற்றில் இருபது விநாடி என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அந்த நிமிடக் கணக்கு எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதை மட்டும் மேலட்டை சொல்வதில்லை. வாங்குவதா வேண்டாமா என்ற முடிவு பெரும்பாலும் அந்தச் சொல்லாத பகுதியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே கருவிகளை ஒப்பிடும் முன் அதைப் பார்த்துவிடுவோம்.

குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோல், 100 மில்லிலிட்டர் மாதிரியில், மலக் கலப்பின் அடையாளமாகக் கொள்ளப்படும் குடல் பாக்டீரியாவான ஈ.கோலை ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்பது. இப்போது 100 மில்லிலிட்டர் நீரில் ஒரே ஓர் ஈ.கோலை செல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனைப் பட்டையில் நாம் விடும் சொட்டுகள் எல்லாம் சேர்ந்து சுமார் 0.1 மில்லிலிட்டர்தான். அந்த ஒற்றைச் செல் அந்தச் சொட்டுகளுக்குள் வந்து அகப்படுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. கருவி தன் முன்னால் வரும் ஒற்றைச் செல்லைக்கூடத் தவறவிடாத கூர்மை உடையது என்றே கொண்டாலும், ஆயிரம் முறை சோதித்தால் 999 முறை அது ‘இல்லை’ என்று சொல்லும். சொன்னது பொய்யும் அல்ல. அந்தச் சொட்டில் இல்லைதான்.

இந்த இடைவெளியை நிரப்ப இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, பெரிய அளவு நீரிலிருந்து செல்களைத் திரட்டிச் சிறிய அளவுக்குள் கொண்டுவருவது. 0.45 மைக்ரான் துளைகளைக் கொண்ட வடிதாளில் நீரை வடிக்கலாம்; குறிப்பிட்ட பாக்டீரியாவை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் என்ற புரதத்தைப் பூசிய காந்த மணிகளைக் கலந்து, காந்தத்தால் இழுத்தெடுக்கலாம். தெளிந்த நீரில் வடிப்பது எளிது; கலங்கல் நீரில் வடிதாள் பாதியிலேயே அடைத்துக்கொள்ளும். மற்றொன்று, பாக்டீரியாவை வளரவிட்டு, கருவியின் கண்ணுக்குத் தெரியும் எண்ணிக்கைக்குப் பெருகச் செய்வது.

வளரவிடுவதற்கான நேரத்தைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். நல்ல ஊடகத்தில், அதாவது பாக்டீரியா வளர்வதற்கான சத்துக் கலவையில், 37 டிகிரி வெப்பத்தில், ஈ.கோலை ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரு செல் இருபது முறை இரட்டித்தால் 10,48,576 ஆகும். அதற்கு 6 மணி 40 நிமிடம். ஆனால் சோதனைப் பட்டைகள் பலவற்றுக்கு மில்லிலிட்டருக்கு லட்சம் முதல் பத்து லட்சம் செல்கள் வரை தேவைப்படுகின்றன. 100 மில்லிலிட்டர் முழுவதும் மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் என்ற அளவை எட்ட, அந்த ஒற்றைச் செல் சுமார் 27 முறை இரட்டிக்க வேண்டும். அது ஒன்பது மணி நேரம். குளோரினாலோ வெப்பத்தாலோ அடிபட்ட செல்லாக இருந்தால், பெருகத் தொடங்கும் முன் தேறிக்கொள்வதற்கே சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆக, பத்து நிமிடப் பட்டை என்று நாம் வாங்குவது, மிகக் குறைந்த மாசைப் பிடிக்க வேண்டிய இடத்தில், ஒன்பது மணி பத்து நிமிடச் சோதனை. இதனால் அது பயனற்றது என்று ஆகிவிடாது. உணவில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கிறதா என்று 25 கிராம் மாதிரியை ஆய்வக முறைப்படி வளர்த்து உறுதி செய்ய மூன்று நாளுக்கு மேல் ஆகும்போது, ஒரே நாளில் முதல் தகவல் கிடைப்பது பெரிய லாபம்தான். கணக்கு தெரிந்து வாங்கவேண்டும் என்பது மட்டுமே இங்கே சொல்ல வந்தது.

இனி கருவிகளுக்கு வரலாம். முதலில், புதுமை குறைந்தது என்று பலரும் ஒதுக்கிவிடும் வளர்ப்பு வகைப் பைகளும் குப்பிகளும். இவற்றில் 100 மில்லிலிட்டர் நீரையும் முழுதாக ஊற்றி, ஊடகப் பொடியைக் கலந்து, சுமார் 35 முதல் 37 டிகிரியில் ஒரு நாள் வைத்திருக்கவேண்டும். ஈ.கோலையிடம் உள்ள பீட்டா குளுக்குரோனிடேஸ் என்ற நொதி பொடியிலுள்ள பொருளை உடைக்கும்போது நிறம் தோன்றும், அல்லது 365 நானோமீட்டர் புறஊதா விளக்கின் கீழ் நீல நிறத்தில் ஒளிரும். அறைகளாகப் பிரிக்கப்பட்ட பையாக இருந்தால், வெவ்வேறு கொள்ளளவு கொண்ட அறைகளில் எவையெவை நீலப்பச்சை ஆயின, எவையெவை மஞ்சளாகவே நின்றன என்பதை உடன்வரும் அட்டவணையோடு ஒப்பிட்டு, தோராயமான எண்ணிக்கையையே படித்துவிடலாம். மின்சாரம்கூட இல்லாத இடத்தில், சுற்றுப்புறம் வெதுவெதுப்பாக இருந்தால் கூடுதல் நேரம் வைத்தே முடிவு பார்க்கிறார்கள்; பையை உடலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வெப்பம் கொடுப்பதும் உண்டு. இதைவிட மலிவானது, 1982-இல் இந்திய ஆய்வாளர்கள் முன்வைத்த ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி. மலத்தோடு தொடர்புள்ள பாக்டீரியா இருந்தால் உள்ளிருக்கும் தாள் கறுத்துப்போகும். படிக்கத் தெரியாதவர்கூட முடிவைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் நிலத்தடி நீரில் இயல்பாகவே சல்ஃபைடு இருந்தாலும், சல்ஃபேட்டைச் சிதைக்கும் வேறு பாக்டீரியா இருந்தாலும் தாள் கறுக்கும் என்பதால் அதை முதல் எச்சரிக்கையாக மட்டும் கொள்ளவேண்டும்.

இந்த வகையின் பலம், முழு மாதிரியையும் பார்ப்பதும், உயிருள்ளவற்றை மட்டும் எண்ணுவதும். பலவீனம் நேரம் ஒன்று மட்டுமல்ல. ஓ157:எச்7 என்னும் கொடிய ஈ.கோலை வகை பெரும்பாலும் மேற்சொன்ன நொதியின் செயலைக் காட்டாது; ஆகவே நிறத்தை நம்பும் பை அதைத் தவறவிடும். மலக் கலப்பு உண்டா என்ற கேள்விக்கு இந்தப் பை சரியான விடை சொல்லும். குறிப்பிட்ட நோய்க்கிருமி உண்டா என்ற கேள்வியை அதனிடம் கேட்கக் கூடாது. இன்னொன்று, நிறம் மாறிய பைக்குள் இருப்பது கோடிக்கணக்கில் பெருகிய பாக்டீரியா. அதை அப்படியே குப்பையில் வீசுவது, நாமே வளர்த்து நாமே பரப்புவதற்குச் சமம். குளோரின் மாத்திரையோ வெளுப்பு நீரோ கலந்து அரை மணி நேரமாவது வைத்திருந்து கொட்டவேண்டும். அந்தச் செலவும் வேலையும் கணக்கில் வரவேண்டும்.

அடுத்தது சோதனைப் பட்டை. கர்ப்பச் சோதனைக்கும் கோவிட் சோதனைக்கும் பயன்பட்ட அதே அமைப்புதான் என்பதால், இதைக் கையில் எடுக்க யாரும் தயங்குவதில்லை. தங்க நானோ துகள்களில் ஒட்டவைத்த எதிர்ப்பொருள்கள் பாக்டீரியாவின் மேற்புறத்தைப் பற்றிக்கொண்டு, நைட்ரோசெல்லுலோஸ் தாளின் வழியே ஊர்ந்து, சோதனைக் கோட்டில் சிக்கிச் சிவப்பாகத் தெரிகின்றன. அதற்கு அப்பால் இருக்கும் கட்டுப்பாட்டுக் கோடு, திரவம் கடைசிவரை ஓடியது, தாள் வேலை செய்தது என்பதை மட்டும் சொல்கிறது. மாதிரியில் போதிய அளவு கிருமி இருந்ததா என்று அது எதுவும் சொல்லாது. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

பட்டையை அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் சிக்கல் புரியும். திரவம் ஊறிய பகுதி முதலில் இளஞ்சிவப்பாக ஓடிப் பின் வெளுக்கும். ஏழெட்டு நிமிடத்தில் கட்டுப்பாட்டுக் கோடு அழுத்தமாக விழும். சோதனைக் கோடு இருக்கவேண்டிய இடத்தில், உற்றுப் பார்த்தால் இருப்பது போலவும், சற்று விலகினால் இல்லாதது போலவும் ஒரு சாயல். சன்னல் வெளிச்சத்தில் ஒருவர் ‘இருக்கிறது’ என்பார். குழல் விளக்கின் கீழ் இன்னொருவர் ‘இல்லை’ என்பார். குறிப்பிட்ட பதினைந்து நிமிடம் கடந்து தாள் காய்ந்தபின், முன்பு இல்லாத கோடு ஒன்று மெல்லத் தோன்றவும் செய்யும். அதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்மாறான தொல்லையும் உண்டு. கிருமி மிதமிஞ்சி இருந்தால் துகள்களின் எதிர்ப்பொருள்களும் கோட்டின் எதிர்ப்பொருள்களும் தனித்தனியே நிரம்பிவிட, இடையில் பாலமாக நிற்க ஏதும் இல்லாமல் கோடு மங்கிப்போகும். சந்தேகம் இருந்தால் மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து மீண்டும் சோதித்துப் பார்க்கவேண்டியது இதனால்தான். நன்றாகச் சூடாக்கிக் கிருமி செத்த உணவிலும் அதன் மேற்புறப் பொருள்கள் எஞ்சியிருந்தால் கோடு விழக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இவ்வளவையும் சொன்னபின்னும், நன்றாக வளரவிட்ட மாதிரியில் குறிப்பிட்ட ஒரு கிருமியைத் தேட, பயிற்சி குறைந்தவர் கையில் கொடுக்க, பட்டையைவிட எளிதான கருவி வேறு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பட்டையின் உறையை ஈரமான அறையில் பிரித்து வைக்காமல், உலர்பொடிப் பொட்டலத்தோடு மூடியே வைத்திருந்து, பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் திறப்பது என்ற ஒரு பழக்கம் போதும். பல பிழைகள் குறைந்துவிடும்.

இருபது விநாடியில் எண் காட்டும் ஏ.டி.பி. ஒளிர்மானியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மின்மினியின் லூசிஃபெரேஸ் நொதி, உயிர்ச்செல்களின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யோடு சேர்ந்து ஒளி தருகிறது. கருவி அந்த ஒளியை அளக்கிறது. ஏ.டி.பி. பாக்டீரியாவிடம் மட்டும் இல்லை. ஈஸ்டிடமும், ஒட்டியிருக்கும் உணவுத் துணுக்கிலும் உண்டு, அதுவும் பாக்டீரியாவைவிடப் பன்மடங்காக. ஆகவே மேடையைச் சரியாகக் கழுவினார்களா என்று கேட்டால் இதைவிட வேகமான பதில் இல்லை. சால்மோனெல்லா இருக்கிறதா என்று கேட்டால் இது தவறான ஆளிடம் கேட்ட கேள்வி. கழுவிய கிருமிநாசினியின் எச்சம் ஒளியை அடக்கிவிடும் என்பதால், அலசிய பின்னரே துடைத்தெடுக்கவேண்டும்.

மரபணுவைத் தேடும் கருவிகளில் இன்று கையில் எடுத்துச் செல்லத் தகுந்தது லேம்ப் முறை. 2000-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட இம்முறையில், மரபணுவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பழைய முறையான பி.சி.ஆரைப்போல வெப்பத்தை ஏற்றி இறக்கவேண்டியதில்லை. 60 முதல் 65 டிகிரிக்குள் ஒரே வெப்பநிலையில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைத்தால் போதும். அதனால்தான் கருவி சிறிதாகவும் மலிவாகவும், மின்கலத்தில் ஓடக்கூடியதாகவும் அமைகிறது. தொடக்கிகள் எனப்படும் நான்கு முதல் ஆறு சிறு மரபணுத் துண்டுகள் சேர்ந்து இலக்கை அடையாளம் காண்பதால் தெரிவுத்திறன் அதிகம். சில பிரதிகள் இருந்தாலே பிடித்துவிடும். உறைய வைத்து உலர்த்திய வேதிப்பொருள்கள் கிடைப்பதால் குளிர்ப்பெட்டித் தேவையும் குறைந்திருக்கிறது.

லேம்பின் குறை அதன் வலிமையிலேயே இருக்கிறது. வினை முடிந்த குழாயில் கோடிக்கணக்கான பிரதிகள் நிரம்பியிருக்கும். ஆர்வத்தில் மூடியைத் திறந்து பார்த்தவர், அந்த அறையின் காற்றிலும் மேசையிலும் பிப்பெட்டிலும் பிரதிகளைத் தூவிவிட்டார் என்று பொருள். அடுத்த நாள் வெறும் நீர்க்குழாய்கூட நேர்மறை காட்டத் தொடங்கும். சிறிய இடத்தில் பலர் கைமாறிச் செய்யும் வேலையாக இருந்தால், மூடியபடியே நிறமோ ஒளியோ காட்டும் வகையை மட்டும் வாங்கவேண்டும். வினைக்கலவை தயாரிக்கும் மேசையும் மாதிரி கையாளும் மேசையும் வேறாக இருக்கவேண்டும். செத்த செல்லின் மரபணுவும் நேர்மறை காட்டும் என்பது இன்னொரு வரம்பு. முன்னதாக வளரவிட்டால், பெருகிய உயிர்ச்செல்கள் எண்ணிக்கையில் மிகுந்து அந்தக் குழப்பம் பெருமளவு தணியும். 2017, 2018-இல் பெரிதாகப் பேசப்பட்ட, மரபணுவை வெட்டும் நொதிகளைக் கொண்டு இலக்கை அடையாளம் காணும் கிரிஸ்பர் வகைச் சோதனைகளும் பெரும்பாலும் இத்தகைய பெருக்கத்துக்குப் பிறகுதான் தங்கள் வேலையைத் தொடங்குகின்றன. தனிப் பயன்பாட்டுக்கு இப்போதைக்கு நான் அவற்றைப் பட்டியலில் சேர்க்கமாட்டேன்.

வேதிவினையை மின் சைகையாக மாற்றி அளக்கும் மின்வேதி உணரிகள் பற்றிய நம்பிக்கை மிகப் பெரியது. இரத்தச் சர்க்கரை மானி இன்று வீடுதோறும் இருக்கும்போது, அதேபோல் ஒரு பாக்டீரியா மானி ஏன் வரக் கூடாது என்று கேட்கத் தோன்றும். 1962-இல் கிளார்க்கும் லயன்ஸும் முன்வைத்த நொதி மின்முனையின் வழிவந்ததுதான் அந்தச் சர்க்கரை மானி. ஆனால் அளக்கும் பொருளைப் பாருங்கள். இரத்தத்தின் ஒரே ஒரு மைக்ரோலிட்டரில் ஏறக்குறைய மூவாயிரம் லட்சம் கோடி குளுக்கோஸ் மூலக்கூறுகள் உள்ளன. நாம் தேடுவதோ 100 மில்லிலிட்டரில் ஒரு செல். அச்சிட்ட மின்முனை மலிவு, மானி மலிவு, கைபேசியோடு இணைப்பதும் எளிது. இவற்றில் எதுவும் அந்த இடைவெளியைக் குறைக்காது. தாங்கல் கரைசலில் கலந்த சுத்தமான பாக்டீரியாவில் அருமையாக வேலை செய்த உணரி, பாலிலோ கலங்கல் நீரிலோ போட்டவுடன், புரதமும் கொழுப்பும் மின்முனைமீது படிந்து தடுமாறுவது இத்துறையின் நெடுநாள் கதை. இன்று ஒருவர் இந்த வகையை எனக்கு விற்க வந்தால், என் மாதிரியில் செய்து காட்டுங்கள் என்பதைத் தவிர வேறெதையும் கேட்கமாட்டேன். இதே நிலையில்தான் பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களை வைத்து ஒளிரச் செய்யும் முறைகளும் பெரும்பாலும் உள்ளன. உயிருள்ள செல்லை மட்டுமே தொற்றும் என்பதால் அவற்றின் மீது எனக்குத் தனி ஆர்வம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

எந்தக் கருவியை எடுத்தாலும் ஒரு கணக்கு பின்தொடரும். ஆயிரம் மாதிரிகளில் பத்து மட்டும் உண்மையில் மாசுபட்டவை என்போம். கருவி, மாசுபட்டதில் 95 சதவீதத்தைப் பிடிக்கும், சுத்தமானதில் 95 சதவீதத்தைச் சுத்தம் என்றே சொல்லும்; கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பத்தில் ஒன்பதோ பத்தோ பிடிபடும். கூடவே 990 சுத்தமான மாதிரிகளில் சுமார் ஐம்பது பொய் நேர்மறையாக வரும். ஆக, நேர்மறை என்று வந்த அறுபதில் ஏறக்குறைய ஆறில் ஒன்றுதான் உண்மை. முதல் நேர்மறையிலேயே சரக்கை அழித்துவிடும் நிர்வாகம், ஐந்து முறை வீணாக அழித்த பின் கருவியை நம்புவதை நிறுத்திவிடும். ஆறாவது முறை உண்மையாக இருக்கும். நேர்மறை வந்தால் சரக்கை நிறுத்திவைத்து வேறொரு முறையில் உறுதி செய்வது என்ற ஏற்பாடு, கருவி வாங்கும் முன்பே எழுத்தில் இருக்கவேண்டும். நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரிக்கு இந்தக் கணக்கு மாறும். அங்கே சந்தேகம் வலுவாக இருப்பதால் நேர்மறையின் மதிப்பும் கூடும்.

செலவுக் கணக்கிலும் இதேபோல் ஒரு மறைவு இருக்கிறது. வாரத்தில் ஒரே நாளில் பத்து மாதிரிகளைச் சேர்த்துச் சோதிப்பவர், கிருமி இருப்பது தெரிந்த ஒன்று, இல்லாதது தெரிந்த ஒன்று என நேர்மறை, எதிர்மறைக் கட்டுப்பாடுகள் இரண்டையும் சேர்த்து பன்னிரண்டு சோதனைத் துண்டுகளைச் செலவிடுவார். அதே பத்து மாதிரிகளை நாளுக்கு ஒன்றாகச் சோதிப்பவர், ஒவ்வொரு நாளும் கட்டுப்பாடுகளோடு மூன்று என்று முப்பதைச் செலவிடுவார். மானியின் விலையைப் பார்த்து மலிவு என்று வாங்கியவர்கள், பின்னர் கட்டுப்பாட்டுச் சோதனைகளை விட்டுவிட்டு மிச்சம் பிடிக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான். அதன்பின் கருவி காட்டும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

இனி முடிவுக்கு வந்தால், குடிநீர்த் தொட்டிக்கு நான் தேர்ந்தெடுப்பது பாக்டீரியா உணரியே அல்லாத ஒன்றையும் சேர்த்துத்தான். எஞ்சிய குளோரினை அளக்கும் எளிய நிறமானி நாள்தோறும். அறைகள் கொண்ட வளர்ப்புப் பை வாரந்தோறும், மழைக்குப் பிறகும், குழாய் பழுது பார்த்த பிறகும். கார அமிலக் குறியீடு (pH) 8-க்குக் கீழ் இருக்க, 30 நிமிடத் தொடர்புக்குப் பின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால், நீரைத் திறந்துவிடுவதா என்ற அன்றைய முடிவுக்கு அது எந்தக் கிருமிப் பட்டையையும்விட விரைவான விடை. குளோரின் உள்ள நீரைப் பைக்கு எடுக்கும் குப்பியில், குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் இருக்கவேண்டும். இல்லையேல் வழியிலேயே கிருமி செத்து, சோதனை நல்ல பெயர் வாங்கித் தரும்.

உணவுக் கூடத்துக்கு, கழுவிய மேற்பரப்பை ஒவ்வொரு முறையும் பார்க்க ஏ.டி.பி. மானி, சரக்கை வெளியே அனுப்பும் முடிவுக்கு, ஒரு நாள் வளரவிட்ட மாதிரியில் சோதனைப் பட்டை. இரண்டு மேசைகளும் பொறுமையான ஒரு பணியாளரும் இருந்தால் பட்டைக்குப் பதில் லேம்ப். நேர்மறைகளை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வளரவிட்ட கரைசலைத் தயாரிப்பு அறைக்குள் கொண்டுவரவே கூடாது என்பது இதில் சேர்ந்த நிபந்தனை. மருத்துவமனைக்கு என் விடை சுருக்கமானது: அங்கீகரிக்கப்பட்ட சோதனையை மட்டும் வாங்குங்கள், வளர்ப்புச் சோதனையை விட்டுவிடாதீர்கள், எந்தக் கிருமி என்று பட்டை சொன்னாலும், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று சொல்வதற்கு அந்தக் கிருமி பெரும்பாலும் தட்டில் வளர்ந்தாக வேண்டும்.

பணம் கட்டும் முன் விற்பவரிடம் ஒரே ஒரு நாள் கேளுங்கள். உங்கள் நீரையோ உங்கள் உணவைக் கரைத்த திரவத்தையோ எடுத்து, நோய் உண்டாக்காத கட்டுப்பாட்டு ஈ.கோலையை அதில் கலந்து, பத்துப் பத்து மடங்காக நீர்த்து ஆறு குப்பிகள் வரிசையாக வையுங்கள். எதுவும் கலக்காத குப்பிகள் இரண்டைச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் எண் மட்டும் ஒட்டி, வரிசை தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். எந்தக் குப்பி வரை கருவி கண்டது, வெறும் குப்பியில் என்ன சொன்னது என்பதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, பெட்டியின் மேலட்டையில் அச்சடித்த அந்தப் பத்து நிமிடத்தின் மீதே ஒட்டிவிடலாம்.